பெஞ்சுக்கு அடியில் மண்

இப்போதெல்லாம் எந்தப் பொருளையும் அந்தப் பொருளாக இருக்க விடமாட்டேன் என்கிறார்கள். ஒருத்தன் கனவில் பூனை வந்தது என்றால் போதும். அந்தப் பூனைக்கு என்ன அர்த்தம், அதன் வாலுக்கு என்ன அர்த்தம் என்று நாலு பேர் உட்கார்ந்துகொள்கிறார்கள். பூனை பாலைக் குடித்துவிட்டுப் போய்விடும், இவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருப்பார்கள். கழுத்துப் பொத்தானையும் சேர்த்துப் போட்டால் மனசில் எதையோ மறைக்கிறோமாம். குளிருகிறது என்று போடக்கூடாதா?

நான் ஆயுசு முழுக்க ரோடு ரோலர் ஓட்டினவன். வண்டிக்கு முன்னால் ஜல்லி கிடந்தால் அது ஜல்லி. அமுக்கினால் ரோடு. அதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. இந்தப் புத்தியோடுதான் மனசுக்கு வைத்தியம் பார்க்கிற அந்த நிலையத்துக்குள் போனேன், இந்தப் புத்தியோடுதான் வெளியே வந்தேன். நடுவில் நடந்ததைச் சொல்கிறேன், யாரும் எனக்கு விளக்கம் சொல்ல வரவேண்டாம்.

என் மகள் ரயில் ஓட்டுகிறவள். ஊருக்குள்ளேயே சுற்றுகிற ரயில். நாற்பதைத் தொட்டுவிட்டாள், எனக்கு இன்னும் பாப்பாதான். தாய் இல்லாமல் நான் வளர்த்த பிள்ளை. ஒருநாள் மத்தியானம், ஒரு ஆள் நடைமேடையிலிருந்து இறங்கி, ரோட்டைக் கடக்கிறவன்போல நிதானமாக நடந்து, தண்டவாளத்தின் நடுவில் அவளைப் பார்த்தபடி நின்றான். பாப்பா பிரேக்கைப் பிடித்தாள். ரயில் என்ன, கையைக் காட்டினால் நிற்கிற வண்டியா? வீட்டுக்கு வந்தாள், ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தாள், கட்டிலில் உட்கார்ந்தாள். அதோடு பேச்சு நின்றது.

முதலில் ஊட்டினால் சாப்பிட்டாள். பிறகு ஊட்டியதை வாயிலேயே வைத்திருந்தாள். கடைசியில் தண்ணீரைக்கூட விழுங்கவில்லை, கடைவாய் வழியாக ஒழுகவிட்டாள். உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்றார் டாக்டர். அப்போதுதான் மருமகன் இந்த நிலையத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தான். அவன் சோபாவுக்கு உறை தைக்கிறவன். நல்ல பையன், ஆனால் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவான்.

கீழே பழைய டயர் கடை, மேலே நிலையம். படியேறினால் நீள வராந்தா, சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள், தரை கழுவுகிற மருந்தின் நெடி. அங்கே எங்களிடம் பேசிய அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கால் வீங்கியிருந்ததால் செருப்பு வாரை அவிழ்த்துவிட்டு இழுத்து இழுத்து நடந்தார். அவர் வேலைக்குப் பெயர் நிலம் பார்ப்பதாம்.

"நிலம் பார்க்கிறதுன்னா? மனை விக்கிறவங்களாம்மா நீங்க?"

"விக்க மாட்டோம் ஐயா. நடந்துதான் பார்ப்போம்."

"மாமா, கொஞ்சம் சும்மா இருங்க" என்றான் மருமகன்.

அந்த அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. ஒவ்வொருத்தர் மனசும் ஒரு இடமாகத்தான் இருக்கிறது, இயந்திரம் அந்த இடத்தை நடந்து போகிற அளவுக்குத் திறந்துவிடும், மனசுக்கு நெருக்கமானவர்கள் மட்டும்தான் உள்ளே காலூன்ற முடியும் என்றார். பாப்பாவின் நிலத்தில் ஏதோ ஒன்று எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டிருக்கிறது, அதைப் போய்ப் பார்க்க வேண்டும். எதையும் தொடக்கூடாது, எதன் மேலும் உட்காரக்கூடாது.

"நீங்களும் வருவீங்களா?"

"என் குரல் மட்டும் வரும். என் கால் அங்கே நிக்காது."

கழுத்துக்குப் பின்னால் ஜில்லென்று ஒரு பசையைத் தடவி ஒயரை ஒட்டினார்கள். பாப்பாவின் கட்டிலுக்கு இந்தப் பக்கம் என்னையும் அந்தப் பக்கம் மருமகனையும் படுக்கவைத்தார்கள். சினிமா மாதிரி ஏதோ காட்டி ஏமாற்றப்போகிறார்கள் என்று நினைத்துக் கண்ணை மூடினேன். திறந்தபோது நின்றுகொண்டிருந்தேன், பக்கத்தில் மருமகன்.

வெள்ளை வெளேரென்று ஒரு பொட்டல். கண்ணாடியை உருக்கி ஊற்றி ஆறவிட்டதுபோலத் தரை. தரையைக் கண்டால் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பது என் பழக்கம். தட்டினேன். அந்தச் சத்தம் தூரமாய்ப் போய், கொஞ்ச நேரம் கழித்து, அடியிலிருந்து ரயில் ஓடுகிற சத்தமாகத் திரும்பி வந்தது. தண்டவாளம் எங்கேயும் இல்லை. மேலே சூரியன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிக்னல் விளக்கு மஞ்சளிலேயே நின்றுவிட்டிருந்தது. காற்று ஒரு பக்கமிருந்து வந்தது, நின்றது, வந்த வழியே திரும்பிப் போனது. மறுபடி வந்தது. பாப்பா மூச்சு விடுகிறாள் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

வீடில்லாத மாடிப்படி ஒன்று நின்றது. அதன் கைப்பிடி நெடுக ஈரத்துணி. மழை தரையிலிருந்து கிளம்பி மேலே போய்க்கொண்டிருந்தது, துணி காயவே இல்லை. ஒரு சாப்பாட்டு மேசை, முட்டி வலிக்கிறவன்போலக் காலை மாற்றி மாற்றி வைத்து நின்றது. பக்கத்தில் கறுப்புக் குடை ஒன்று விரிந்து கிடந்தது.

நடுவில் குழி. ரோடு உள்வாங்கினால் விழுமே, அந்த மாதிரி. எட்டிப் பார்த்தேன், அடி தெரியவில்லை. பிரேக் கட்டை சூடானால் வருகிற நாற்றம். விளிம்பில் ஒரு ஆண்பிள்ளைச் செருப்பு, ஒற்றையாக, யாரோ கழற்றி ஒழுங்காக வைத்ததுபோல. குழிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன வீடு, ஜன்னலில் விளக்கு எரிந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வீட்டுப் பக்கமாகத் தரை பிளந்து ஒரு துண்டு உள்ளே விழுந்தது. சத்தமே இல்லை.

குழிக்கு இந்தப் பக்கம் ஒரு மண்மேடு. அந்த வெள்ளைப் பொட்டலில் மண் என்று இருந்தது அது ஒன்றுதான். நல்ல செம்மண். மேட்டின் மேல் ஒரு பெஞ்சு. சாய்மானம் இல்லாத மரப்பெஞ்சு, ஒரு கால் கொஞ்சம் குட்டை. எனக்கு நடந்து நடந்து கால் கடுத்துப்போயிருந்தது. போய் உட்கார்ந்தேன்.

"ஐயா! உட்காராதீங்கன்னு சொன்னேனே!" காதுக்குள் அந்த அம்மாவின் குரல். உடனே, "இருங்க, எழுந்திரிக்காதீங்க. அப்படியே இருங்க" என்றார்.

பெஞ்சு வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ எழுந்துபோன மாதிரி. வெளியே வந்த பிறகு சொன்னார்கள், நான் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்கப் பாப்பாவின் விரல் போர்வையைப் பிடித்துக்கொண்டிருந்ததாம். விரல் என்றால் பிடிக்கத்தானே செய்யும் என்றேன்.

அன்று சாயங்காலம் அந்த அம்மா எங்களை எதிரில் உட்காரவைத்துச் சொன்னார். குழிதான் அந்த ஆள், அவன் சாவு. ஜன்னலில் எரிகிற விளக்கு பாப்பா. குழி அந்த வீட்டை எட்டிவிட்டால் இயந்திரம் காட்டுவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது.

"அப்போ அந்தக் குடைங்க?" என்று கேட்டான் மருமகன்.

"அது நீங்க."

அவன் முகம் வாடிவிட்டது. "கம்பி ஒண்ணு உடைஞ்சிருந்துச்சே மாமா."

"மழைக்கு ஆகும்ல, விடு" என்றேன். "ஏம்மா, அப்போ நான் யாரு? அந்த முட்டி வலிக்கிற மேசையா?"

"இல்லைங்க ஐயா. நீங்க பெஞ்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சோபா தைக்கிறவன் குடை, ரோடு போட்டவன் பெஞ்சு. அதுவும் சாய்மானம் இல்லாத பெஞ்சு.

"அந்த மாதிரி பெஞ்சு எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

எல்லா ஊரிலும் பெஞ்சு இருக்கிறது. பாப்பா வேலை பார்க்கிற பணிமனை வாசலிலும் ஒன்று இருக்கிறது. ரோலரை விட்டு இறங்கிய பிறகு வீட்டில் பொழுது போகாது. அவள் டியூட்டி முடிகிற நேரத்துக்கு அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். காற்று வரும், அதற்காகப் போவது. அவள் வெளியே வந்து, "உனக்கு வேற வேலையே இல்லையாப்பா?" என்று திட்டிக்கொண்டே பக்கத்தில் உட்காருவாள். இரண்டு பேரும் ஒன்றும் பேசமாட்டோம். ரயில் ஓட்டினவளுக்குப் பேச என்ன இருக்கும், கேட்க எனக்கு என்ன இருக்கும். இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடிப்பார்.

குழியை மூட வேண்டும் என்றார். அதுவரை சரிதான். குழி விழுந்தால் மூடுவது எனக்குத் தெரிந்த வேலை.

"லாரியில மண்ணு கொண்டாந்து கொட்டுங்களேன்."

"வெளி மண்ணு அங்கே தங்காது ஐயா. கொட்டிப் பார்த்தாச்சு, ஆவி மாதிரி போயிடுது. அவங்க நிலத்து மண்ணாலதான் மூட முடியும்." என்னைப் பார்க்காமல் தொடர்ந்தார். "அங்கே மண்ணு இருக்கிறது ஒரே இடத்துலதான்."

எனக்குப் புரிந்தது. மருமகனுக்குப் புரியவில்லை. "பெஞ்சைத் தூக்கி அந்தண்டை வச்சிட்டு எடுக்கலாமே" என்றான்.

"முடியாதுங்க. அது வச்சதில்லை, முளைச்சது. மண்ணை எடுத்தா பெஞ்சும் குழிக்குள்ளதான் போகும்." அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "ஐயா, உங்களுக்குத் தெளிவா சொல்லிடணும். பெஞ்சு போயிட்டா அவங்களுக்கு உங்களை மறந்துபோகாது. அப்பான்னு தெரியும், வளர்த்தது தெரியும், எல்லாம் தெரியும். ஆனா உங்க மேல அவங்களுக்கு இருக்கிறது இருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் நல்லவர்னு தெரியுமில்லையா, அப்படித் தெரியும்."

"திரும்ப வருமா?"

"வந்து நான் பார்த்ததில்லை."

வராந்தாவில் யாரோ தரை துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஈரத் துணியின் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏம்மா, ஒரு மரக்கட்டை குழியில விழுந்தா என் மகளுக்கு என் மேல இருக்கிற பாசம் போயிடுமா? இதை நான் நம்பணுமா?"

"நீங்க நம்பணும்னு இல்லை. நான் சொல்லணும், சொல்லிட்டேன்."

"அப்போ சரி. மூடிடலாம்."

"மாமா" என்றான் மருமகன். "நல்லா யோசிச்சுக்கோங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? கட்டைதானே."

"கட்டைதான்னா என் செருப்பை ஏன் மாமா மாட்டுறீங்க?"

"வயசுடா. உனக்கும் வரும், அப்போ தெரியும்."

அவன் விடவில்லை. தானே தோண்டுகிறேன், அவள் கோபம் தன் மேல் இருக்கட்டும் என்றான். அந்த நேரத்தில் அவனை எனக்குப் பிடித்துப்போனது. ஆனால் உள்ளே போய் அவன் மண்வெட்டியைத் தொட்டதுமே அது தண்ணீராகி விரல் இடுக்கில் ஒழுகிவிட்டது. மறுபடி ஒன்றை இயந்திரம் கொண்டுவந்து வைத்தது. அதுவும் அப்படியே. அந்த மண்ணில் அவனுக்குப் பாத்தியதை இல்லை என்று காதுக்குள் குரல் சொன்னது. மூன்றாவதை நான் எடுத்தேன். என் கையில் மண்வெட்டி மண்வெட்டியாகவே இருந்தது, கனத்தோடு.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த அம்மா சொன்னது பொய் என்றால், நான் தோண்டுவது ஒரு பழைய பெஞ்சுக்கு அடியில். உண்மை என்றால், என் மகள் தண்ணீர் குடிக்க வேண்டும். இரண்டில் எதுவானாலும் தோண்ட வேண்டியவன் நான்தான். ஆகவே எது உண்மை என்று பார்க்க எனக்கு வேலையில்லை.

குழி அதற்குள் அந்த வீட்டுப் படியை எட்டியிருந்தது. ஜன்னல் விளக்கு குனிந்து குனிந்து எரிந்தது. நான் மேட்டின் ஓரத்திலிருந்து எடுக்க ஆரம்பித்தேன். பெஞ்சின் காலிலிருந்து எவ்வளவு தள்ளி எடுக்க முடியுமோ அவ்வளவு தள்ளி. மண் இளகலாக வந்தது. குழியில் போட்டதும் விழுகிற சத்தம் கேட்டது. குழிக்கு அடி இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. மருமகன் குடைக்குப் பக்கத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தான்.

ஓர மண் தீர்ந்தது. குழி பாதிகூட நிரம்பவில்லை.

"ஐயா, வேண்டாம்னா இப்பக்கூட வந்துடலாம்" என்றார் அந்த அம்மா. "யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

"நீங்க கொஞ்சம் பேசாம இருங்கம்மா. வேலை நடக்குது."

குட்டைக் காலின் அடியில் மண்வெட்டியைச் செருகினேன். அந்த இடத்து மண் சுட்டது. காற்று வருவதும் போவதுமாக இருந்தது சட்டென்று நின்றுவிட்டது. பாப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நானும் நின்றேன். அவள் மறுபடி மூச்சு விடும்வரை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றேன். விட்டாள். எடுத்தேன்.

பெஞ்சு முதலில் ஒரு பக்கம் சாய்ந்தது. பாரம் ஏற்றின வண்டி சரிவில் இறங்குகிறமாதிரி மெதுவாகச் சறுக்கி விளிம்பைத் தொட்டது. கையை நீட்டினால் பிடித்திருக்கலாம். என் இரண்டு கையிலும் மண்வெட்டி இருந்தது. அது குழிக்குள் இறங்கிய பிறகு, அதன் மேல் மிச்ச மண்ணைப் போட்டு மூடினேன். மூடிய இடத்தை அப்படியே விட மனசு வரவில்லை. ரோலர் இல்லை, அதனால் காலால் மிதித்து மிதித்துச் சமன் செய்தேன். கடைசியில் பார்த்தபோது விளிம்பில் இருந்த செருப்பைக் காணவில்லை. மேலே மஞ்சள் விளக்கு பச்சையாகியிருந்தது.

வெளியே வந்து கண்ணைத் திறந்ததும் பாப்பா இருமுகிற சத்தம்தான் முதலில் கேட்டது. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். மடக் மடக்கென்று குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவதை நான் படுத்தபடியே பார்த்தேன். பிறகு அவள் புருஷனைப் பார்த்து, "என்ன இப்படி இளைச்சுப் போயிருக்கே?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அந்த ஆளுக்காகவும் சேர்த்து அழுதாள் என்று நினைக்கிறேன். அது நல்லது. அழட்டும் என்று நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

வீட்டுக்கு அழைத்துப்போய்விட்டார்கள். தேறட்டும் என்று நானும் சில நாள் போகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் போனேன். கதவைத் திறந்தது அவளே. முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. அடுத்த மாதம் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

"வாங்கப்பா. உட்காருங்க. வெயில்ல நடந்தா வந்தீங்க?"

"பஸ்லதான் வந்தேன்."

"நல்லதுப்பா. எனக்காக ரொம்ப கஷ்டப்பட்டீங்கன்னு இவர் சொன்னாரு. ரொம்ப நன்றிப்பா."

நன்றி. என்னிடம். நான் சுவரைப் பார்த்தேன். மருமகன் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ துணியை மடித்துக்கொண்டிருந்தான், மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தான்.

டீ கொண்டுவந்தாள். எனக்குச் சர்க்கரை வியாதி வந்த நாள் முதல் அந்த வீட்டுச் சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒளித்துவைத்துவிடுவாள். ஒருமுறை கண்டுபிடித்து ஒரு கரண்டி போட்டுக்கொண்டதற்கு, டம்ளரைப் பிடுங்கித் தொட்டியில் ஊற்றி, "சாகணும்னா சொல்லிட்டுச் சாவு, திருட்டுத்தனமா சாகாதே" என்று தெருவே கேட்கிறமாதிரி கத்தினவள். இந்தத் தடவை டப்பா என் எதிரிலேயே மேசை மேல் இருந்தது. எடுத்தேன். ஒரு கரண்டி போட்டேன். அவளைப் பார்த்துக்கொண்டே இன்னொன்று போட்டேன்.

"இன்னும் கொஞ்சம் போடட்டுமாப்பா?" என்று கேட்டாள். நல்ல மனசோடுதான் கேட்டாள். வந்தவர்களைக் கேட்கிறமாதிரி.

மருமகன் எழுந்து உள்ளே போய்விட்டான்.

டீயை மிச்சம் வைக்காமல் குடித்தேன். பாகுபோல இனித்தது. வேலை எப்படி, புது அட்டவணை எப்படி என்று கேட்டேன். சொன்னாள். தெளிவாக, அழகாகச் சொன்னாள். கிளம்புகிறேன் என்றதும் வாசல்வரை வந்து, "படி வழுக்கும், பார்த்துப் போங்க" என்றாள்.

கீழே இறங்கினால் நிலையத்து அம்மா தெருவில் நிற்கிறார், வாரை அவிழ்த்த செருப்போடு. நோயாளிகளை வீட்டுக்கு வந்து பார்ப்பார்களாம்.

"ஐயா, எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்கா. சாப்பிடறா, பேசறா, வேலைக்குப் போகப் போறா."

"உங்ககிட்ட?"

"என்கிட்ட என்ன? பெரிய ஆபத்துலேர்ந்து பிழைச்சு வந்திருக்கா. அசதி இருக்காதா? அசதியில மனுஷங்க மரியாதையாத்தான் பேசுவாங்க. இந்தக் காலத்துப் பிள்ளைங்க எல்லாருமே பெத்தவங்ககிட்ட இப்படித்தான்."

அவர் வீங்கிய காலை மாற்றி ஊன்றிக்கொண்டார். பிறகு, "வேணும்னா ஒருதடவை உள்ளே போய்ப் பார்க்கலாம் ஐயா. அந்த இடம் இப்ப எப்படி இருக்குன்னு. என் குரல் கூடவே வரும்" என்றார்.

"வேண்டாம்."

"பார்த்தா உங்களுக்கே தெரிஞ்சிடும், நான் சொன்னது சரியா தப்பான்னு. தப்பாக்கூட இருக்கலாம். எனக்கும் தெரியணும்."

"தெரிஞ்சு நீங்க என்ன பண்ணப் போறீங்க? நான் என்ன பண்ணப் போறேன்? மேல போய் அவளைப் பாருங்க. கால் வீக்கத்துக்கு உப்பைக் குறைங்க."

மாடி ஜன்னலில் பாப்பா துணி உதறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கிக் காட்டினாள், நானும் காட்டினேன். அசதி தீர ஒரு மாதம் ஆகும், இரண்டு மாதம்கூட ஆகும். உடம்புக்கு ஆகிறதெல்லாம் அப்படித்தான். இயந்திரத்தை வைத்துக்கொண்டு யார் எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.

அந்த அம்மா படியேறுகிற சத்தம் பின்னால் கேட்டது. வரவேண்டிய பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை. வெயில் தாழ்ந்திருந்தது, நடந்தே போய்க்கொள்ளலாம் என்று கிளம்பினேன்.